எதை வைத்துப் பல்லை அடைத்தீர்கள், சீட்டில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு வருகிறவர்களிடம் என்ன வைத்து அடைத்தார்கள் என்று கேட்டால், "சிமெண்ட் வச்சாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பல சீட்டுகளில் ஃபில்லிங் என்று மட்டும்தான் இருக்கிறது. பீடித் தட்டை ஓரமாக வைத்து, அன்றைய கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய்ப் பணம் கட்டுகிற பெண்ணுக்குத் தன் வாயில் வைத்தது எது என்று தெரிய வேண்டாமா?

இதனால் அதிகம் கெடுவது தற்காலிக அடைப்பு விஷயத்தில்தான். கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கிற அந்த வெள்ளை மருந்து வலியை அடக்கிவிடும், சரி பல் குணமாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், சில வாரம் தாங்கவேண்டிய மருந்து தேய்ந்து கரைந்து, சொத்தை வேர் வரைக்கும் இறங்கிய பிறகு வேர் சிகிச்சை அல்லது பல்லைப் பிடுங்குவது என்று வந்து நிற்கிறது.

நிரந்தர அடைப்பு என்றால் வெள்ளையாக இருப்பதே உசத்தி என்று ஒரு நினைப்பு. பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் நல்ல பொருள்தான், ஆனால் பல்லை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு, சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைக்க வேண்டும். இறுகும்போது அது கொஞ்சம் சுருங்கும். அவசரமாக வைத்தால் ஓரத்தில் இடைவெளி விட்டு அடியில் மறுபடியும் சொத்தை பிடிக்கும். அதனால் பொருளை மட்டும் பார்க்காமல், நிதானமாகச் செய்கிற டாக்டரா என்றும் பாருங்கள்.

கிளாஸ் அயனோமர் என்று இன்னொரு அடைப்புப் பொருள் இருக்கிறது. அது தானாகவே பல்லோடு ஒட்டும், ஃப்ளோரைடையும் மெல்ல மெல்ல விடும். பால் பல்லுக்கும் ஈறோரக் குழிக்கும் பொருத்தம். கடைவாயில் பெரிய குழி என்றால், நாம் மெல்லுகிற முறுக்குக்கும் சீவலுக்கும் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அப்புறம் பழைய வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம். வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் எடையில் சுமார் பாதி பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018-ல் சேர்ந்தது. அந்த ஒப்பந்த நாடுகள் 2022-ல் கூடி, டாக்டர் அவசியம் என்று கருதினால் தவிர 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதை வைப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பொதுவாகவே நிறுத்திவிட்டது. இதைக் கேள்விப்பட்டு, ஏற்கெனவே வைத்து நன்றாக இருக்கிற அடைப்பைப் பயந்துபோய் எடுக்கச் சொல்லாதீர்கள். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்பும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

எது வைப்பது என்பதைக் குழி இருக்கும் இடம், அதன் அளவு, ஆளின் வயது, கையில் இருக்கும் பணம் எல்லாம் பார்த்து டாக்டரும் நோயாளியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பேசியதைச் சீட்டில் தமிழில் மூன்று வரி எழுதிக் கொடுத்தால் போதும்: வைத்த பொருளின் பெயர், தற்காலிகமா நிரந்தரமா, மறுபடி எப்போது வர வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் பல் பிரிவிலிருந்தே இதைத் தொடங்கலாம், தனியார் கிளினிக்குகளும் பின்பற்றலாம். மாவட்ட சுகாதாரத் துறை இதற்கு ஏற்பாடு செய்யும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, முக்கூடல்