இம்பிளான்ட் கைடு எவ்வளவு துல்லியம்? நம் டாக்டர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

இம்பிளான்ட் கைடு, அதாவது தாடை எலும்பில் இம்பிளான்டை (செயற்கைப் பல் வேரை) பிளான் போட்ட இடத்தில் வைக்க டிரில்லுக்கு வழிகாட்டும் ரெசின் தகடு, ஆர்டர் கொடுக்கும்போது பலரும் கேட்பது, "கம்ப்யூட்டர்ல வச்ச இடத்துல அப்படியே உட்காருமா?" என்றுதான். கிட்டத்தட்ட உட்காரும். அந்தக் 'கிட்டத்தட்ட' எவ்வளவு என்று சொல்லிவிடுகிறோம்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வுக்கட்டுரை ஒன்றின்படி, கைடு வைத்துப் போட்ட இம்பிளான்ட் எலும்பில் நுழையும் இடத்தில் சராசரியாக 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 டிகிரி விலகுகிறது. சராசரி என்றால் அதைத் தாண்டியவையும் உண்டு. ஆகவே கீழ்த்தாடை நரம்புக்கு மேல் குறைந்தது 2 மி.மீ. விட்டுத்தான் பிளான் போடுகிறோம். "எலும்புதான் இருக்கே, இன்னும் கொஞ்சம் நீளமாப் போடலாமே" என்று போனில் கேட்டால் நாங்கள் இழுப்பது இதனால்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் சந்தேகம் கைடை உருவாக்கும் 3டி பிரிண்டர் மேல். ஆனால் பிரிண்டருக்கு வருமுன்பே பிழை புகுந்துவிடும். சிபிசிடி (தாடையின் 3டி எக்ஸ்ரே) எடுக்கும்போது நோயாளி லேசாக அசைந்தாலோ, உலோக கேப்புகள் படத்தில் கோடு கோடாக இழுத்தாலோ, அதையும் வாய் ஸ்கேனையும் பொருத்துவதே சிரமம்.

அப்புறம் வாயில் எடுக்கும் பல் அச்சு. ஏற்காட்டில் அல்ஜினேட்டில் (தண்ணீரில் கலக்கும் அச்சுப் பொடி) எடுத்து, ஈரத்துணி சுற்றி பஸ்ஸில் கொடுத்துவிட்டால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேர்வதற்குள் அது சுருங்கத் தொடங்கியிருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதில் வார்த்த மாடலில் கைடு கச்சிதமாக உட்காரும். வாயில் வைத்தால் ஆடும். எடுத்த கையோடு அங்கேயே ஸ்டோன் (மாடல் வார்க்கும் ஜிப்சம்) ஊற்றி மாடலாக அனுப்புங்கள், இல்லையென்றால் சிலிகானில் எடுங்கள். ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் ஃபைலை அனுப்பினால் போதும், பஸ்ஸே வேண்டாம். ஸ்கேனுக்குப் பிறகு பக்கத்துப் பல்லில் ஃபில்லிங்கோ கேப்போ போட்டிருந்தால் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கைடில் பல்லுக்கு மேல் சிறு ஜன்னல்கள் இருக்கும். அதன் வழியே பார்த்தால் பல்லின் முனை ரெசினோடு ஒட்டியிருக்க வேண்டும். முடி அளவு இடைவெளி தெரிந்தாலும் டிரில்லைத் தொடாதீர்கள். இருபக்கமும் பல் இருந்தால் கைடு நன்றாக நிற்கும். கடைசிக் கடைவாய்ப் பல் இல்லாத இடத்தில் அழுத்தினால் வளையும். பல்லே இல்லாத வாயில் ஈறு அமுங்கும் என்பதால் எலும்பில் பின் அடித்தே தீரவேண்டும்; பின் இல்லாத கைடு கேட்டால் முடியாது என்றுதான் சொல்வோம்.

கைடில் டிரில் நுழையும் குழாயான ஸ்லீவுக்குள் டிரில் சுழல கொஞ்சம் இடைவெளி இருந்தாக வேண்டும். எலும்பிலிருந்து ஸ்லீவ் உயர உயர அந்த ஆட்டம் நுனியில் பெரிதாகும். சாய்வு 3.5 டிகிரி என்றால் 10 மி.மீ. நீளத்துக்கு நுனி 0.6 மி.மீ. தள்ளிப்போகும். கைடு டிரில் நீளமானது என்பதால், நோயாளி வாய் எவ்வளவு திறக்கிறார் என்பதை ஆர்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கைடு மூடியிருப்பதால், டிரில் சூட்டைத் தணிக்கும் சலைன் (உப்புநீர்) எலும்புக்குச் சரியாக இறங்காது. 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும். டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்து சலைன் பாய்ச்சுங்கள்.

கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவேண்டிய சூடு ரெசினுக்கு ரெசின் மாறும். பாக்கெட்டில் வரும் தாளைப் பாருங்கள். சேலம் வெயிலில் காருக்குள் கைடை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் ஒப்புதல் வந்த பிறகே பிரிண்ட் போடுவோம். வாட்ஸ்அப்பில் வெறும் 'ஓகே' போதாது. பல் எண்ணையும் இம்பிளான்ட் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் லேப், சேலம்