சமையல் செயலி தந்த பிடிகருணை மசியல் செய்முறை குறித்த புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களாக நான்கு மின்னஞ்சல்களும் ஏழு தொலைபேசி அழைப்புகளும் விடுத்து, நேரிலும் ஒருமுறை வந்து அலுத்துப்போன பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1,499 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டிய உங்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், என் மனைவி ஊரில் இல்லாத நாளில், சம்பந்தி வீட்டார் ஆறு பேருக்காகப் பிடிகருணை மசியல் செய்முறை கேட்டேன். அது தந்த செய்முறை உங்கள் பதிவிலேயே இருக்கும். வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து மசிக்கச் சொன்ன அதில் புளியும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, அரிசி கழுவிய நீரும் இல்லை. முதல் கவளத்திலேயே சம்பந்தியம்மாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு குடும்பங்களின் உறவே அன்றோடு முறிந்துபோயிற்று என்றுதான் சொல்வேன்.

கருணையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. அவைதான் தொண்டையைக் காறவைக்கின்றன. பழைய கிழங்காகப் பார்த்து வாங்கிப் புளி விட்டு நன்றாக வேகவைக்க வேண்டும் என்பது உழவர் சந்தையில் கிழங்கு விற்கும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தச் செய்முறையை உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாரா?

இதைக் கேட்டதற்கு உங்கள் சேவை மையப் பெண், "ஏ.ஐ. சொன்னா அப்படியே செஞ்சிடுவீங்களா சார்?" என்று சிரித்தார். செய்வதற்காகத்தானே அம்மா பணம் கட்டினேன்! செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்தவனை இரண்டு மணி நேரம் வாசலில் நிறுத்திவைத்து, சுவரில் ஒட்டிய கியூஆர் குறியைக் காட்டி அனுப்பினீர்கள். அது அதே செயலியைத்தான் திறந்தது. என் புகாரைப் படித்த அந்த இயந்திரம், மசியல் பிடித்திருந்ததில் மகிழ்ச்சி என்று பதில் எழுதியது. அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

2023-இல் நியூசிலாந்தில் ஒரு பேரங்காடியின் செயலி, குளோரின் வாயு உண்டாக்கும் கலவையைத் தாகம் தணிக்கும் பானமாகப் பரிந்துரைத்ததை இத்தொழிலில் இருக்கும் நீங்கள் அறியாதிருக்க மாட்டீர்கள்.

சந்தாத் தொகையையும் 50,000 ரூபாய் இழப்பீட்டையும் பதினைந்து நாட்களுக்குள் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடு நிற்க மாட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். இன்று காலை பார்த்தபோதும் அந்தச் செய்முறை, கொத்தமல்லி தூவிய அழகான படத்தோடு, புளி இல்லாமலேயே இருக்கிறது. பணம் பிறகு வரட்டும், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்