திரையில் தெரிந்தால் சரக்கு வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு விநியோகச் சங்கிலி பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், சரக்கு எங்கிருக்கிறது என்பது திரையில் தெரிந்துவிட்டால் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றொரு வரி இருந்தது. இறக்குமதி ஆவணங்களோடே காலம் தள்ளும் என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

எங்கள் கன்டெய்னர் துறைமுகத்தில் எந்த அடுக்கில் நிற்கிறது என்பது வரை தெரிந்திருந்தும் அது நகராமல் கிடந்ததுண்டு. காரணம், வாங்குபவரின் பெயர், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ஒரு விதமாகவும் இன்வாய்ஸில் வேறு விதமாகவும் இருந்ததுதான். விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என வங்கி உறுதி தரும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் வங்கி பார்ப்பது ஆவணத்தையே ஒழியச் சரக்கை அல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. வங்கி ஆவணங்களைத் திருப்பியது. கன்டெய்னர் தேங்கி நிற்பதற்கான டெமரேஜ் கட்டணம் மட்டும் தடையின்றி ஏறியது. இன்னொரு முறை இயந்திர பாகங்களில் ஒரு குறையும் இல்லை. அவற்றைத் தாங்கிய மரப் பேலட்டில்தான், கோதுமைக் கதிர் படமும் வெப்பமூட்டியதைக் குறிக்கும் எச்டி எழுத்துகளும் கொண்ட ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தோடு பூச்சிகள் நாடுவிட்டு நாடு பரவாமலிருக்கப் பன்னாட்டு விதி கேட்பது) இல்லை. மொத்தச் சரக்கும் நின்றது. இதற்குத் தங்கள் கட்டுரையாளர் எந்தத் திரையைப் பார்க்கச் சொல்வாரோ!

2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றபோது தாங்கள் பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். அது விடுபட்டபின் கப்பல்கள் மொத்தமாகத் துறைமுகங்களில் வந்து குவிந்ததும், காலிக் கன்டெய்னருக்கு நாங்கள் அலைந்ததும் தங்களுக்குச் செய்தியாகப் படவில்லை. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கி, பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்ட வேளையிலும், கையிருப்பு வைப்பது வீண் செலவு என்றே தங்கள் மேலாண்மைப் பக்கம் போதித்துக்கொண்டிருந்தது.

போகட்டும். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில், காப்பீடும் கப்பல் கட்டணமும் விலையில் அடங்கிய சிஐஎஃப் ஒப்பந்தத்தில் சரக்கு இறங்கும் துறைமுகம் வரை இழப்புப் பொறுப்பு விற்பவருடையது என்று இருக்கிறது. அது தவறு. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளை வகுக்கும் பன்னாட்டு வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி, கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்தினாலும், புறப்படும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதுமே இழப்புப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. யாரேனும் தங்கள் பெட்டியை நம்பிக் கையெழுத்திடும் முன், அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமில்லையெனில், சரக்கு இருக்குமிடம் காட்டும் மென்பொருளுக்கு அதே பக்கத்தில் வரும் விளம்பரத்தைச் சற்றுச் சுருக்கலாம்.

இப்படிக்கு,
இறக்குமதி ஆவணப் பிரிவில் பணிபுரியும் தங்கள் நெடுநாள் வாசகர்