மே மாதத்தில் பத்து நாள் எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள்

சென்னையில் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் ஆராயும் பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் அறிவியல் ஆசிரியை. மே மாதத்தில் பத்து நாள் எங்கள் பிள்ளைகளுக்கு மூளை அறிவியல் முகாம் ஒன்றை இலவசமாக நடத்தித் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். நரம்பு மண்டலப் பாடத்தில் நியூரான் என்ற நரம்புச் செல்லின் படம் இருக்கும். தேர்வில் பாகம் குறிக்கச் சொல்வார்கள், பிள்ளைகளும் குறித்துவிடுவார்கள். அத்தோடு சரி.

போன வருடம் அந்தப் பாடம் நடத்திய அன்று காலையில் கறிக்கடைக்குப் போய் இரண்டு ஆட்டு மூளை வாங்கி வந்து எவர்சில்வர் தட்டில் வைத்தேன். முதலில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "எங்க வீட்ல மிளகு போட்டு வறுப்பாங்க மிஸ்" என்றான் ஒருவன். அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தொட ஆரம்பித்தார்கள். ஒரு மாணவி பெருமூளையின் இரு அரைக்கோளங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் விரல் வைத்து, வரிவரியான சிறுமூளையைத் தாண்டி, கீழே முகுளம் வரைக்கும் போனாள். அங்கேயே நிறுத்திக் கேட்டாள்: "தாத்தாவுக்கு மூளையில இடது பக்கம் அடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா வலது கைதானே மிஸ் விழுந்துபோச்சு?"

கைகாலை அசைக்கச் சொல்லி மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில்தான் பக்கம் மாறுகின்றன. அவள் விரல் இருந்த இடமே அதுதான். சொன்னேன். அவள் விடவில்லை. "ஏன் மாறணும்?" என்றாள். இதற்கு அறிவியலிலேயே முடிவான விடை கிடையாது, பல கருத்துகள்தான் இருக்கின்றன. அதையெல்லாம் பேசத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தப் பேச்சைத் தொடர உங்களால் முடியும். அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய ஊர் இது. இழந்துவிட்ட கை இன்னும் இருப்பதுபோல் வலிக்கும் மாயக்கை வலிக்குக் கண்ணாடிப் பெட்டியை வைத்து வழி காட்டிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் மருத்துவம் படித்தது இங்கே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். எங்கள் பிள்ளைகள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகும் அதே ஸ்டான்லி! இதை வகுப்பில் சொன்னபோது அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்தால் அவர்களே அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் செய்து பார்க்கலாம். சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் கரு நிலையிலுள்ள மனித மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாக்கிப் படம் பிடித்து, 'தரணி' என்ற பெயரில் 2024-இல் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. உலகமே பார்க்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

இலவச முகாம்கள் நடக்கத்தான் செய்கின்றன என்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒன்றுக்கு நான்கு பிள்ளைகளை விண்ணப்பிக்க வைத்தேன். எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. படிவம் முழுக்க ஆங்கிலம். ஏன் சேர விரும்புகிறாய் என்று 300 சொல்லில் கட்டுரை, சொந்த மின்னஞ்சல், மடிக்கணினி கட்டாயம். இருவர் தமிழில் எழுதி அனுப்பினார்கள். பதில்கூட வரவில்லை. கட்டணம் இல்லை என்பதாலேயே ஒரு முகாம் இலவசமாகிவிடாது. பெண் பிள்ளைகள் சாதாரண நகரப் பேருந்தில் காசில்லாமல் வந்துவிடுவார்கள், பையன்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பள்ளி மூடியிருக்கும்போது சத்துணவும் கிடையாது. பத்து நாள் வந்துபோகும் செலவும் மத்தியானச் சாப்பாடும் சேர்ந்தால்தான் அது இலவசம்.

மாணவர்களுக்கு மூளை அறிவியலில் நடக்கும் பிரெய்ன் பீ மாதிரிப் போட்டிகள் நல்லவைதான். ஆனால் அவை ஏற்கெனவே படித்துவிட்டு வருகிறவர்களுக்கானவை. நான் கேட்பது தொடக்கத்தை.

எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை உள்ளவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பார்க்காதீர்கள். வகுப்பு தமிழில் இருக்கட்டும். நியூரான், எம்ஆர்ஐ என்றே சொல்லுங்கள், அது அவர்களுக்குப் புரியும். உடற்கூறியல் துறைக் காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருக்கும் மனித மூளையை ஒருமுறை காட்டுங்கள். பேராசிரியர்களுக்கு நேரம் இல்லையென்றால் முனைவர் பட்ட மாணவர்களே போதும். சொல்லப்போனால் அவர்களிடம்தான் பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து திணிக்கிற வீடுகள் எங்கள் தெருக்களில் இன்றும் உண்டு. மூளை ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த மாணவியின் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. காலையில் கை மரத்துப்போன தாத்தாவை மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்திக்குத் தெரிந்திருந்தால் அன்றே ஆட்டோ பிடித்திருப்பாள்.

அவள் பெயரையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. தேர்வுகள் முடிந்துவிடும், மே மாதம் முழுக்க வீட்டில்தான் இருப்பார்கள். நீங்கள் ஒரு தேதியும் ஒரு அறையும் சொன்னால் போதும், நானே அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை