இடுப்புக் கத்தி கேட்ட மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவிட்டது என்று எழுதியிருந்தாய், அதுவே பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் நலம், என் மூக்குக் கண்ணாடிதான் இன்னும் கொஞ்சம் தடித்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீ நலம் விசாரித்தது நாலு வரி, கத்தியைப் பற்றிக் கேட்டது மூன்று பக்கம்.

வேட்டைக்காரர்களோடு முதல் தடவையாகக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாய், இடுப்பில் ஒரு கத்தி வேண்டும், எதை வாங்குவது, இதுதானே கேள்வி? நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாமே ஒரு சாணுக்கு மேல் நீளம், முதுகில் ரம்பப் பல், கறுப்புப் பூச்சு, ஒன்றில் பிடிக்குள் திசைகாட்டி வேறு. வேண்டாம்டா. பிடிக்குள் சாமான் வைக்க இடம் இருக்கிறதென்றால் அந்தப் பிடி வெறும் குழாய் என்று அர்த்தம், அலகு அதன் வாயில் ஒரு திருகாணியையோ பசையையோ நம்பி நின்றுகொண்டிருக்கும், கொஞ்சம் பலமாக அழுத்தினால் முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான். முதுகு ரம்பமும் அப்படியே. மரமும் ஒழுங்காக அறுபடாது, கட்டை விரலை முதுகில் வைத்து அழுத்தவும் முடியாது.

அலகு 9 முதல் 11 செ.மீ. வரை இருந்தால் போதும். சின்னதாக இருக்கிறதே என்று நினைப்பாய். மிருகம் விழுந்ததும் முதல் வேலை வயிற்றைத் திறப்பது. அந்த நேரத்தில் கத்தியின் முனை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, ஆட்காட்டி விரலை முனையை ஒட்டி வைத்து, விரலால் குடலை ஒதுக்கிக்கொண்டே தோலை மட்டும் கிழிக்க வேண்டும். நீளமான அலகாக இருந்தால் முனை விரலைத் தாண்டி எங்கோ போய்க் குடலைக் குத்திவிடும், அப்புறம் இறைச்சி முழுக்க அந்த நாற்றம். கூடாரத்தில் கயிறு அறுக்க, முளைக்குச்சி சீவ, தீ மூட்டச் சுருள் சுருளாக மரம் செதுக்க, எல்லாவற்றுக்கும் இந்த அளவே தாராளம். விறகு பிளக்கக் கோடரி இருக்கிறது, மரம் அறுக்க ரம்பம் இருக்கிறது. இந்த மூன்றின் வேலையையும் ஒரே கத்தி செய்ய வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் கத்தி வாளாகிப் போகிறது.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கிடைத்ததே, ஓட்சி என்று பெயர் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தைய ஆள். அவனிடம் செம்புக் கோடரி ஒன்றும், கூடவே சிறிய கத்தி ஒன்றும் இருந்தன. சக்கிமுக்கிக் கல்லில் அலகு, ஆஷ் மரத்தில் பிடி, மரநாரில் முடைந்த உறை. அந்தக் கத்தி பிடியோடு சேர்த்தே 13 செ.மீ. அளவுதான். பெரிய வேலைக்குக் கோடரி, சின்ன வேலைக்குக் கத்தி என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தால் சிரித்திருப்பான்.

முதுகின் தடிமன் 3 மி.மீ. அளவில் இருக்கட்டும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. 5, 6 மி.மீ. தடிமனில் விற்கிறார்கள், அது பலம்தான், ஆனால் தடித்த அலகு வெட்டுவதை விடப் பிளக்கத்தான் பார்க்கும். முனை வடிவத்தில், முதுகு மெதுவாக வளைந்து இறங்கி முனையில் சேரும் வகையை எடு. டிராப் பாயின்ட் என்று கேட்டால் காட்டுவார்கள். பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கர், 2010-இல் காலமானார், அவர் செய்த வேட்டைக் கத்திகளால்தான் இந்த வடிவம் இவ்வளவு பரவியது. முனை முதுகை விடத் தாழ்ந்து இருப்பதால் தோலுக்கு அடியில் ஓட்டும்போது சட்டென்று உள்ளே குத்தாது. முதுகில் கொக்கி மாதிரி வெட்டிவிட்ட கத்திகளும் உண்டு, வயிற்றைத் திறக்க வசதி என்பார்கள், முதல் சில தடவை வசதிதான், மழுங்கியபின் அந்தக் கொக்கியின் உட்புறத்தைத் தீட்டக் கல் நுழையாது, உருண்டைக் கம்பி தேட வேண்டும்.

மடக்குக் கத்தி வேண்டாமா என்று கேட்டிருந்தாய். பைக்குள் கிடக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் வேட்டையில் கீல் இடுக்கு முழுக்க ரத்தமும் கொழுப்பும் ரோமமும் போய் அடைந்துகொள்ளும், குளிரில் விரல் மரத்திருக்கும்போது அதைச் சுத்தம் செய்வது பெரிய தண்டனை. அசையாத கத்தியை ஒரு தடவை கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது.

எஃகு விஷயம்தான் எல்லோரையும் குழப்புகிறது, உன்னையும் குழப்பியிருக்கிறது என்பது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு என்பது கணக்கு. கத்தி எஃகில் கரிமமும் நிறைய இருப்பதால் அது குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் 13 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் நம்பலாம். 12சி27 என்ற ரகம் அப்படிப்பட்டது, எளிதாகத் தீட்ட வரும், பராமரிப்பும் குறைவு. 1095 மாதிரி சாதாரணக் கரிம எஃகில் 0.95 சதவீதம் கரிமம், குரோமியம் சேர்ப்பதில்லை. அருமையாகக் கூர் ஏறும், ஆனால் ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளி. எஸ்30வி போன்ற உயர்ந்த ரகத்தில் வனேடியம் 4 சதவீதம், கூர் நிறைய நாள் நிற்கும், அதே வனேடியம் கரிமத்தோடு சேர்ந்து உண்டாகும் கார்பைடு துகள்கள் சாதாரணத் தீட்டுக்கல்லை விடக் கெட்டியானவை என்பதால் வைரத்தூள் பதித்த கல் இல்லாமல் அதைத் தீட்டுவது கொடுமை. என்னைக் கேட்டால், தீட்டப் பழகாத ஆளுக்கு விலை உயர்ந்த எஃகு வீண். மழுங்காத கத்தி எதுவுமே கிடையாது, காட்டுக்கு நடுவில் நீயே கால் மணி நேரத்தில் கூர் ஏற்றக்கூடிய கத்திதான் உன் கத்தி. கடினத்தன்மை ராக்வெல் அளவில் 57 முதல் 60-க்குள் இருக்கிறதா என்று மட்டும் பார், அதற்கு மேல் போனால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர வாய்ப்பு, கீழே போனால் சீக்கிரம் மடங்கும்.

பிடியைப் பற்றி நீ ஒரு வரிகூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். கத்தியை வாங்கும்போது அலகைப் பார்க்காமல் முதலில் கண்ணை மூடிக்கொண்டு பிடியைப் பிடித்துப் பார். வட்டமாக இருந்தால் கைக்குள் உருளும், விளிம்பு எந்தப் பக்கம் என்று இருட்டில் தெரியாது, நீள்வட்டமாக இருந்தால் தெரியும். விரல் விரலாகப் பள்ளம் வைத்த பிடி வேண்டாம், அது செய்தவன் கைக்குப் பொருந்தும், உன் கைக்குப் பொருந்தும் என்று உத்தரவாதம் இல்லை, பிடியைத் திருப்பிப் பிடிக்கவும் விடாது. ரத்தமும் கொழுப்பும் பட்டால் எந்தப் பிடியும் வழுக்கும், அதனால் விரல் அலகுப் பக்கம் நழுவாமல் முன்பக்கம் ஒரு சிறு தடுப்போ புடைப்போ கட்டாயம். மைக்கார்ட்டா, அதாவது துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிய பலகை, நனைந்தாலும் பிடிமானம் கொடுக்கும், மரம் அழகு, ரப்பர் குளிரில் சுகம். நிறம் ஆரஞ்சாக இருந்தால் கேலி செய்வார்கள், செய்யட்டும். சருகுக்குள் விழுந்த கத்தியைத் தேடுகிறவனுக்குத்தான் ஆரஞ்சுப் பிடியின் அருமை புரியும்.

பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் கேட்டுக்கொள். முழு நீளம் போவது நல்லது. ஆனால் பின்லாந்தின் பூக்கோ கத்திகளில் மெல்லிய குச்சி போன்ற வால்தான் பிடிக்குள் போகிறது, தலைமுறை தலைமுறையாக அதை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள், நெம்பாமல் இருந்தால் போதும்.

உறை. தோல் உறை என்றால் இரண்டு தோலுக்கும் நடுவில் விளிம்புப் பக்கமாக ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பார், அது இல்லாவிட்டால் கத்தி நாளடைவில் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம், உருவும்போது உறையைக் கை முழுக்கச் சுற்றிப் பிடிக்காதே, அந்தத் தையல் பக்கம் உன் விரல்கள் இருக்கக் கூடாது. பெல்ட்டில் இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டு. முன்னால் தொங்கவிட்டால் குனியும்போது வயிற்றில் இடிக்கும், விழுந்தால் எங்கே குத்தும் என்று சொல்லவே வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. வேலை நடக்கும்போதே ஆரம்பிக்கிறது அது. தோலை ரோமப் பக்கத்திலிருந்து வெட்டாதே, ரோமத்தில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும், நாலு இழுப்பில் கூர் போய்விடும். ஒரு சின்னத் துளை போட்டு, கத்தியை அதற்குள் விட்டு, விளிம்பு மேல்நோக்கி இருக்க உள்ளிருந்து வெளியே வெட்டு. எலும்பை வெட்டப் பார்க்காதே, முனையால் மூட்டைத் தேடித் தசைநாரை அறுத்தால் மூட்டு தானே விட்டுக்கொடுக்கும். கையுறை போட்டுக்கொள், புரூசெல்லா மாதிரிக் கிருமிகள் ரத்தத்தில் இருந்தால் கையிலுள்ள சின்னக் கீறலே அவற்றுக்கு வாசல்.

வேலை முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வாயில் போனாலும் கெடுதல் செய்யாத கனிம எண்ணெயை ஒரு சொட்டு தடவி, மெல்லிய படலம் மட்டும் நிற்கும்படி துடைத்துவிடு. சமையல் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டும். கரிம எஃகில் சாம்பலும் நீலமுமாய் ஒரு நிறம் படியும், அதைத் தேய்த்து எடுக்காதே, அது இருந்தால் செந்துரு ஏறுவது குறையும். செந்துருவை மட்டும் உடனே எடு. வீட்டுக்கு வந்தபின் கத்தியைத் தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதே. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும், சில மாதத்தில் அலகில் புள்ளி விழும், பித்தளைப் பாகங்களில் பச்சை பூக்கும். உறை தனி, கத்தி தனி.

தீட்டுவதை எழுத்தில் சொல்வது கஷ்டம், முயன்று பார்க்கிறேன். விளிம்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 பாகை சாய்வு வைத்துக்கொள். பாகையை எப்படி அளப்பது என்று பயப்படாதே: அலகின் அகலம் 25 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து எட்டரை மி.மீ. தூக்கினால் கிட்டத்தட்ட 20 பாகை. விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பார். மை முழுக்கப் போயிருந்தால் சாய்வு சரி, மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் முதுகைத் தூக்கு, விளிம்பின் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்து. ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே வந்தால் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு எழும், கட்டை விரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே வழித்தால் சொரசொரவென்று தட்டும். அது அடியிலிருந்து முனை வரை எழாமல் பக்கத்தை மாற்றாதே. எழுந்தபின் மறுபக்கம், அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி. 1000 எண் போட்ட தீட்டுக்கல்லே வேட்டைக்குப் போதும், கடைசியில் தோல் பட்டையில் முதுகுப் பக்கமாக இழுத்துப் பிசிறை எடுத்துவிடு. மெஷின் சாணையில் மட்டும் கொடுத்துவிடாதே. இந்த எஃகெல்லாம் கடினமாக்கியபின் 200 பாகை செல்சியஸ் சுற்றில் சூடாக்கிப் பதம் போட்டது, மெல்லிய விளிம்பு சாணையில் சூடேறி நீலம் பாரித்தால் 300 பாகையை எட்டிவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் பதம் போயே போச்சு. கத்தியைத் தணலில் கிளறவும் கூடாது, அதே காரணம்தான்.

ஒன்று கேள், இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. உட்கார்ந்து மரம் சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துச் சீவாதே. தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே பட்டால் ஆஸ்பத்திரி வரை தாங்குமா என்பதே சந்தேகம். முழங்கை இரண்டையும் முழங்கால் மேல் ஊன்றி, கத்தி வெளியே போகும்படி சீவு, கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொள்.

விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் மறந்துகூட வைக்காதே, பெட்டியில் போட்டு அனுப்பு. போகிற இடத்தில் எவ்வளவு நீளக் கத்தியை இடுப்பில் மாட்டலாம் என்ற சட்டத்தையும் கூட வருகிறவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள், ஊருக்கு ஊர் மாறும்.

வாங்கியதும் படம் அனுப்பு, ஆனால் அலகின் படம் வேண்டாம், பிடியை நீ பிடித்திருக்கிற படம். நாலு விரலும் உள்ளே அடங்கி, சுண்டுவிரல் தொங்காமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மாற்றித் தரும் கடையாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்