நோட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். "மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா யூகேஜி சேர்ந்து அஞ்சு மாசம் ஆகுது. நோட்டை வீடியோ கால்ல காட்டச் சொன்னேன். பாதி நோட்டு வெள்ளையா இருக்கு. எதிர்வீட்டுப் பையன் நூறு வரைக்கும் எழுதுறான். எம்பொண்ணு என்னடான்னா மல்லாட்டை உரிச்சேங்குது." உங்கள் குரலுக்குப் பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலைக்கு நடுவில் ஒதுங்கி நின்று பேசியிருக்கிறீர்கள்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளைக் கடலூரில் விட்டுவிட்டு சிங்கப்பூரில் உழைக்கிற அப்பாவுக்கு அந்த நோட்டு ஒன்றுதான் கண்ணில் படுகிறது. நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? நம் வகுப்பில் இன்னும் நாலைந்து வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரும் பாப்பா பெயரும் எங்கேயும் வராது.

மல்லாட்டையிலிருந்தே (வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) ஆரம்பிக்கிறேன்.

அன்றைக்குக் காய்ந்த மல்லாட்டை தோலோடு வாங்கிக்கொண்டு போனேன். ஆளுக்குப் பத்து. உரிப்பதற்கு முன்னால் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே எத்தனை பருப்பு என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் உடைக்க வேண்டும். தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டிருந்தேன். ஒரு பருப்பு இருந்தால் முதல் கட்டத்துக்கு மேலே தோலை வைக்கணும், இரண்டு இருந்தால் அடுத்தது, மூன்று இருந்தால் கடைசி. தோல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார்கள். இரண்டு பருப்பு வரிசை கிட்டத்தட்ட வாசல் வரை போய்விட்டது. எந்த வரிசை நீளம், எதில் ரொம்பக் கம்மி என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே கத்திக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் பெண் உடைத்த ஏழாவது காய் பொக்கு. உள்ளே ஒன்றுமே இல்லை. தோலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மிஸ், இத எங்க வைக்கிறது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, ஒன்று இருக்கிற கட்டத்துக்கு இடது பக்கத்தில் கோணலாக இன்னொரு கட்டம் போட்டாள். அதற்கு மேல் அந்தத் தோலை வைத்தாள். "இது பொக்குக் கட்டம்" என்றாள். அப்புறம்தான் நான் அந்தக் கட்டத்துக்குள் 0 போட்டு, இதற்குப் பேர் பூஜ்யம் என்று சொன்னேன். மத்தியானம் வரை வகுப்பில் எல்லோரும் பொக்கு தேடிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி, பூஜ்யம் ஒன்றுக்கு முன்னால் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளே அதற்கு இடம் கண்டுபிடித்தாள். அதை நான் எந்த நோட்டில் எழுதி உங்களுக்குக் காட்டுவது?

உரிப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தான் தோல் உடையும். பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய பலமும் அதே இரண்டு விரலில்தான். மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பாக இருக்காது, வெறும் குருத்துதான். ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில் இறுகி எலும்பாகின்றன. 5 வயதுப் பிள்ளைக்கு அந்த வேலை இன்னும் முடிந்திருக்காது. அந்தக் கையை நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் வலிக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லும். அதனால்தான் களிமண் பிசைகிறோம், காகிதம் கிழிக்கிறோம், மணல் தட்டில் விரலால் கோடு இழுக்கிறோம்.

இதெல்லாம் நான் ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டு வந்தவள் இல்லை. முன்பு வேறொரு ஊரில், வேறொரு பள்ளியில் இருந்தேன். அங்கே தினமும் இரண்டு பக்கம் எழுதியாக வேண்டும். நானும் எழுத வைத்தேன். ஒரு பையன் 1 முதல் 100 வரை ஒரு பிழை இல்லாமல் எழுதுவான். அவன் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. ஒருநாள் அவனிடம், "போய் ஆறு சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்றேன். டப்பாவில் கையை விட்டு ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். "ஆறாடா இது?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான், சாக்பீஸைப் பார்த்தான், பாதியைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். எண்ணிப் பார்க்கலாம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. ஆறு என்பது அவனுக்கு ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். தவறு அந்தப் பிள்ளையுடையது இல்லை, என்னுடையது. அந்த வருஷத்தோடு நான் மாறினேன். எதிர்வீட்டுப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவன் நன்றாகவே படிக்கட்டும். உங்கள் பெண்ணிடம் ஆறு ஸ்பூன் எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்துக்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்து. அதில் 'அ'தான் முதல் என்றாலும், எழுதுவதற்கு அது ஒரு சின்னப் பிள்ளைக்கு லேசான எழுத்து இல்லை. வளைவு, சுழி, கோடு எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது. ட, ப, ம அப்படி இல்லை. ட, ப இரண்டும் நேர்க்கோடுகள். ம-வில் ஒரு சின்ன வளைவு. மூன்றும் தெரிந்ததும் படம், மடம் என்று பிள்ளை உடனே ஒரு சொல்லைப் படித்துவிடும். அதனால் நாங்கள் அங்கிருந்து தொடங்கினோம். எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். கண் கற்பதற்கு முன்பே விரல் கற்றுக்கொள்ளும் வழி இது. மரியா மாண்டிசோரி அம்மையார் உலகத்துக்குக் காட்டியது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்து, நம் ஆசிரியர்களுக்கு நேரிலேயே பயிற்சி கொடுத்தவர். கப்பலில் துரு எடுக்க உங்களுக்கு உப்புத்தாள் எவ்வளவு பழக்கமோ, உங்கள் மகளுக்கும் அவ்வளவு பழக்கம். நீங்கள் அதை இரும்பில் தேய்க்கிறீர்கள், அவள் அதில் ம தடவுகிறாள்.

தீபாவளிக்கு முன்னால் நடந்ததை உங்கள் அம்மா சொன்னார்களா? கடைத்தெருவில் பாப்பா ஒரு போர்டு முன்னால் நின்று "ப... ட்... டா..." என்று படித்திருக்கிறாள். 'சு'வில் மாட்டிக்கொண்டாள். சு இன்னும் சொல்லித்தரவில்லை, கால் போட்ட 'டா' அதற்கு முந்தின வாரம்தான் நடத்தியிருந்தேன். ஆயாவுக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்கு, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டதாம். 1990களில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி வகுப்புக்குப் போனபோது அவர்கள் படித்த முதல் பாடமே 'பட்டா', 'படி' என்பதுதானாம். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார்கள். அப்போதுதான் நான் அவர்களை வகுப்புக்குக் கூப்பிட்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும், கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்" என்று முதலில் வர மாட்டேன் என்றார்கள். "நீங்க மீனைக் கூறு கூறாப் பிரிச்சு விக்கிற மாதிரி போட்டுக் காட்டுங்க, அது போதும்" என்றேன். முதல் நாளே பிள்ளைகளும் நானும் சேர்ந்து காகிதத்தில் மீன் கிழித்து வைத்திருந்தோம். பெரிதும் சிறிதுமாக மொத்தம் 24. ஆயா துறைமுகத்தில் உட்காருகிற மாதிரியே காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார்கள். நாலு கூறு போட்டார்கள். ஒன்றில் இரண்டு பெரிய மீன். இன்னொன்றில் ஒன்பது பொடி. பிள்ளைகள் விடுவார்களா? "ஆயா, இதுல ரெண்டுதான் இருக்கு! இது ஏமாத்து!" என்று ஒரே கூச்சல். ஆயா ஒன்றும் சொல்லாமல் உங்கள் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, "அது குண்டு மீனு. ரெண்டே போதும்" என்றாள்.

எண்ணிக்கை வேறு, அளவு வேறு. இதைப் பாடமாகச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். உங்கள் அம்மாவுக்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்த வாரம் முழுக்க வகுப்பில் பென்சில், பொம்மை, செருப்பு எல்லாமே கூறுதான். ஒரு குழந்தையின் வீட்டில், சோறு போடும்போது அப்பளத்தைக் கூறு போட்டு வைக்கச் சொல்லி அடம் பிடித்ததாம். அந்த அம்மா போன் பண்ணிச் சொன்னார்கள்.

எண்களை நாங்கள் எழுதாமல் இல்லை. இப்போது மழைக்காலம். தினமும் காலையில் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து வெயிலா, மேகமா, மழையா என்று அட்டவணையில் ஒட்டுவோம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அன்றைக்கு அந்த எண்ணையும் எழுதுவோம். கூண்டு 1 முதல் 11 வரை இருக்கிறது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று முதுநகர்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமா போட் எடுக்கவில்லை என்றால் எண் ஏறிவிட்டது என்று தெரியும். 11 வேண்டவே வேண்டாம் என்று அவர்களாகவே சொல்கிறார்கள். ஆங்கிலம் இப்போதைக்குக் காதால்தான், பாட்டும் கதையுமாக. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் நாலு கோட்டு நோட்டு எடுப்போம். அப்போது அவள் விரல் தயாராக இருக்கும். ஒன்றாம் வகுப்புக்கு அவள் வெறுங்கையோடு போக மாட்டாள். இதற்கு நான் பொறுப்பு.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பாப்பா பேசும்போது அங்கே பத்தரை ஆகியிருக்கும், நீங்கள் களைத்துப்போயிருப்பீர்கள். "இன்னிக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்வாள். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும், அந்தக் கேள்வி அவர்களுக்கு ரொம்பப் பெரிசு. "பொக்கு கிடைச்சுதா?" என்று கேளுங்கள். "இன்னிக்கு எத்தனை கூறு போட்ட?" என்று கேளுங்கள். நிறுத்தாமல் பேசுவாள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் செய்ததை மூன்று வரியில் போடுகிறேன், வீட்டில் கேட்பதற்கு ஒரு கேள்வியும் சேர்த்து. அது ஆயாவின் போனோடு நின்றுவிடுகிறது போலிருக்கிறது. இனிமேல் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

இன்னொன்று. அடுத்த வாரம் வகுப்பில் 'எங்க வீட்டு வேலை'. வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். உங்கள் பெண் இப்போதே சொல்லிவிட்டாள்: "எங்க அப்பா கப்பலுக்குச் சட்டை போடுவாரு." பெயின்ட் அடிப்பதைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு அப்புறம் புரிந்தது. உடனே பக்கத்துப் பையன், "கப்பலுக்குப் பட்டன் இருக்குமா?" என்று கேட்டுவிட்டான். அவளுக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் அந்த வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்களே, அதே மாதிரி இன்னொன்று வேண்டும். பேச்சு கொஞ்சம் இருந்தால் போதும். இரும்பு தட்டுகிற சத்தம், பெயின்ட் அடிக்கிற சத்தம், கப்பல் ஹாரன், எது கிடைத்தாலும் ஒரு நிமிஷம் பதிவு செய்யுங்கள். என்ன சத்தம் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். வேலையிடத்தில் போனுக்கு அனுமதி இல்லையென்றால் வேண்டாம், ரூமிலிருந்து பட்டனுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் வந்தால் நல்லது. ஸ்பீக்கர் நான் வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
பாப்பாவின் யூகேஜி மிஸ்
கடலூர் முதுநகர்