ஒரே கட்டிலுக்கு வருகிறவர்கள் ஒன்றாகப் பேசட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் மருத்துவமனைகளில் டாக்டர் சொன்னதை நர்ஸிடமும், நர்ஸ் சொன்னதைப் பிசியோதெரபிஸ்டிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை, கூட வந்தவர் தலையில்தான் விழுகிறது.

என் மாமனாருக்குப் பக்கவாதம். சேர்த்த இடத்தின் பெயர் வேண்டாம், உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து விழுங்கவைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர், டீ மாதிரி நீர்த்தது எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிவிடும், கூழ் பதத்தில்தான் கொடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் டயட்டீஷியன் எழுதிய சீட்டில் மோர், இளநீர், பருப்புத்தண்ணி. ராத்திரி ஷிப்டுக்கு வந்த நர்ஸ் மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறார்! என் மனைவி சத்தம் போட்டதால் டம்ளர் திரும்பிப் போனது. மூன்று பேருமே வேலை தெரிந்தவர்கள்தான், ஆனால் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகவே இல்லை.

பல கை சேர்ந்து செய்வதுதான் வைத்தியம் என்பது வேலூருக்குத் தெரியாத விஷயமா என்ன? தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை 1940களின் கடைசியிலேயே டாக்டர் பால் பிராண்ட் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண், மாற்றி நிமிர்த்தினார். அதைக் கத்தி மட்டும் சாதிக்கவில்லை. இடம் மாறிய தசையை எப்படி இயக்குவது என்று ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் பிசியோதெரபிஸ்ட் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் சொன்னபடி கேட்காது. அப்புறம், மரத்துப்போன பாதத்தில் புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு தைத்தவர்களும் வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் வைத்தியத்தில் ஒரு பங்குதான். சர்ஜனுக்குச் செருப்பு தைப்பவர் தேவைப்பட்ட ஊர் இது.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் பயிற்சி டாக்டர்கள் மட்டும் பின்னால் போகாமல் வார்டு நர்ஸ், பிசியோ, டயட்டீஷியன், மருந்தாளுநர் எல்லோரும் நிற்கட்டும். தினமும் முடியாதா, சரி, சேர்த்த மறுநாளும் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளுமாவது நிற்கலாமே. நர்ஸ் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், அதை நிர்வாகம்தான் பேசிச் சரி செய்ய வேண்டும். தலைமாட்டில் ‘தண்ணீர் கொடுக்காதே’ என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை மாட்டுவதற்குக் கூட்டம்கூடப் போட வேண்டியதில்லை. வைத்தியத்துக்காகக் காட்பாடியில் ரயிலிறங்கி வருகிற வங்காளக் குடும்பங்களுக்கு வங்காளியிலும் எழுதுங்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பக்கவாத நோயாளிகள் இருக்கும் ஒரு வார்டிலாவது இதை ஆரம்பித்துப் பார்க்கலாம்.

ஒரு வாசகர்,
குடியாத்தம்.